வரைபடத்தில் வெட்டுப்பட்டது யாருடைய பங்கு?

'கட்டடக் கலைஞர்கள்' என்ற ஜெர்மன் படத்தை வைத்துக்கொண்டு நமது சங்கத்தில் இரண்டு கட்சி உண்டாகிவிட்டது. வாசகசாலையில் படம் போட்டு ஒரு மாதம் ஆகிறது. சண்டை இன்னும் ஓயவில்லை. ஒரு கட்சியார், "பார்த்தீர்களா உங்கள் சோஷலிசத்தின் லட்சணத்தை? திறமைசாலியின் கையைக் கட்டி, மனதை ஒடித்து, குடும்பத்தையும் கலைத்துவிட்டது" என்கிறார்கள். மற்றொரு கட்சியார் நம்முடைய ஆட்கள். அவர்களோ, "கோடானுகோடி மக்கள் கூரையில்லாமல் கிடக்கும்போது ஒரு படித்த பிள்ளை தன் கற்பனைக்கு இடமில்லை என்று அழுகிறான், இதற்கு ஒரு படமா?" என்று கேலி செய்கிறார்கள். இரண்டு பேச்சும் தவறு. முதல் பேச்சு பொய், இரண்டாவது பேச்சு ஆபத்து. பொய்யனைச் சமாளிப்பது சுலபம் என்பதால், நான் நம்முடைய ஆட்களோடுதான் இங்கே அதிகம் மல்லுக்கட்டப் போகிறேன்.

எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்ற ரயில்வே குமாஸ்தாவுக்கு ஆர்க்கிடெக்ட் படத்தில் என்ன வேலை என்று கேட்கலாம். வீட்டை வரைகிறவனைவிட அதில் குடியிருக்கிறவனுக்குத்தான் அதைப்பற்றிப் பேச உரிமை அதிகம். எனக்கு இன்னொரு தகுதியும் உண்டு. கோப்பு நகர்த்திப் பிழைப்பவன் நான். அந்தப் படம் பாதிக்குமேல் கோப்பின் கதைதான்.

பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சொல்லிவிடுகிறேன். கிழக்கு ஜெர்மனியின் அரசுத் திரைப்பட நிறுவனமான டேஃபா எடுத்த படம் இது. இயக்கியவர் பீட்டர் கஹானே. டானியல் பிரென்னர் நாற்பதை நெருங்கும் கட்டடக் கலைஞர். இத்தனை வயதாகியும் 'இது நான் கட்டியது' என்று விரல் நீட்டிக் காட்ட அவருக்கு ஒரு கட்டடம் கிடையாது. திடீரென்று ஒரு நாள் பெரிய வாய்ப்பு வருகிறது. பெர்லின் நகரத்தின் ஓரத்தில், பலகை பலகையாக நிறுத்திவைத்தது போன்ற அடுக்குமாடிகளில் பல்லாயிரம் பேர் வாழும் ஒரு புதுப் பேட்டை. அதற்கு ஒரு மையம் வேண்டும்: கடை கண்ணி, சினிமா, சாப்பாட்டுக் கடை, மக்கள் கூடிப் பேச ஓர் இடம். 'என்னோடு படித்தவர்களைச் சேர்த்துக்கொள்ள அனுமதித்தால் செய்கிறேன்' என்கிறார் பிரென்னர். அனுமதி கிடைக்கிறது. ஆளுக்கொரு திசையில் சோர்ந்து கிடந்த பழைய நண்பர்கள் ஒன்று கூடுகிறார்கள். இரவு பகலாக வரைகிறார்கள். பிறகு தொடங்குகிறது வெட்டு. இதற்குப் பணமில்லை, அதற்குப் பொருளில்லை, இது அளவுத் திட்டத்துக்குப் பொருந்தாது, அது கருத்தளவில் சரியில்லை. கழுதை தேய்ந்து கட்டெறும்பாகிறது. நண்பர்கள் ஒவ்வொருவராகக் கழன்று கொள்கிறார்கள். மனைவியும் மகளை அழைத்துக்கொண்டு நாட்டைவிட்டு மேற்கே போய்விடுகிறாள். கடைசியில் அடையாளம் தெரியாமல் சிதைந்த திட்டத்துக்கு வேலை தொடங்குகிறபோது, பிரென்னர் அந்த மண்ணிலேயே நிலைகுலைந்து விழுகிறார்.

படத்துக்கு வெளியே நடந்த கதை இன்னும் வேடிக்கை. 1989 இலையுதிர்காலத்தில் படப்பிடிப்பு நடந்து கொண்டிருந்தது. நவம்பர் 9 அன்று பெர்லின் சுவர் திறந்துவிட்டது. நாட்டைவிட்டுப் போக முடியாத ஒரு மனிதனின் கதையை எடுத்துக் கொண்டிருந்தவர்களைச் சுற்றி ஊரே எழுந்து மேற்கே நடந்து போய்க்கொண்டிருந்தது. 1990-ல் படம் திரைக்கு வந்தபோது பார்க்க ஆளில்லை. அந்த ஆண்டு அக்டோபர் 3 அன்று அந்த நாடே இல்லாமல் போயிற்று.

இனி அந்தக் கோப்புக்கு வருவோம்.

படத்தில் கொடுமைக்காரன் என்று ஒருவனும் இல்லை. அதைத்தான் நம்மில் பலர் கவனிக்கவில்லை. ஒருவரும் மேசையைக் குத்தி 'முடியாது' என்று கத்தவில்லை. கோப்பு வேலை தெரிந்தவனுக்கு இது புரியும். 'கொள்கையளவில் ஏற்கப்படுகிறது' என்று ஒருவர் எழுதுவார். 'நிதி நிலைமையை முன்னிட்டு மறுபரிசீலனை செய்யலாம்' என்று அடுத்தவர் எழுதுவார். 'முந்தைய குறிப்பின்படி' என்று மூன்றாமவர் சுருக்கெழுத்திடுவார். பத்து மேசை தாண்டி வெளியே வரும்போது கேட்டதில் கால்வாசி மிஞ்சியிருக்கும். ஆனால் குறைத்தது யார் என்று கேட்டால் பத்துப் பேரும் அடுத்தவரைக் காட்டுவார்கள். பத்துப் பேரும் நல்லவர்களாகவே இருக்கலாம். அதில் ஒருவருக்காவது அந்தப் பேட்டையில் குடியிருப்பவரிடம் பதில் சொல்லும் கட்டாயம் உண்டா? இல்லை. மேலே இருப்பவருக்கு மட்டும் பதில் சொன்னால் போதும். அங்கே இருந்த நோய் இதுதான். அந்த நோய்க்குச் சோஷலிசம் என்று பெயர் வைத்தால் எதிரி மகிழ்வான் என்பது சரி. ஆனால் நோயே இல்லை என்று நாம் சாதித்தால் அவன் அதைவிட அதிகம் மகிழ்வான்.

பிரென்னர் கற்பனைப் பாத்திரம் என்று தள்ளிவிடுகிறவர்களுக்கு, உண்மையில் வாழ்ந்த ஒருவரைச் சொல்கிறேன். ஹெர்மன் ஹென்சல்மன், கிழக்கு பெர்லினின் முதன்மையான கட்டடக் கலைஞர். 1951-ல் வேபர்வீஸே என்ற இடத்தில் உழைப்பாளிகளுக்கு ஓர் உயர்ந்த குடியிருப்புக்கு எளிமையான நவீன பாணியில் படம் போட்டார். அந்த ஆண்டு ஜூலையில் கட்சி நாளேட்டின் ஆசிரியர் ருடோல்ஃப் ஹெர்ன்ஸ்டாட், 'தோழர் ஹென்சல்மன்' என்று பெயர் சொல்லியே ஒரு நீண்ட கட்டுரை எழுதி வெளுத்து வாங்கினார். நவீன பாணி அந்நியப் பாணி, தேசிய மரபு வேண்டும், அலங்காரம் வேண்டும் என்பது வாதம். சில நாட்களிலேயே ஹென்சல்மன் வேறு படம் போட்டுக் கொடுத்தார். கட்டடம் 1952-ல் எழுந்தது. பிறகு ஸ்டாலின் அல்லே என்ற பெரும் சாலை முழுவதும் தூணும் ஓட்டுப்பூச்சுமாக உழைப்பாளிகளின் அரண்மனைகள் என்ற பெயரில் எழுந்தன. அவற்றில் நல்ல வீடுகள் இருந்தன, அதை மறுக்க வேண்டாம்.

இரண்டரை ஆண்டு கழித்து என்ன நடந்தது? 1954 டிசம்பரில் மாஸ்கோவில் கட்டுமானத் தொழில் மாநாட்டில் குருஷ்சேவ் எழுந்து, அலங்காரம் செய்கிற கட்டடக் கலைஞர்கள் மக்கள் பணத்தை விரயம் செய்கிறார்கள் என்று பொரிந்து தள்ளினார். 1955-ல் 'மிகைகளை ஒழிப்பது' என்று தீர்மானமே வந்தது. அந்த ஆண்டிலேயே கிழக்கு ஜெர்மனியிலும் மாநாடு கூடி, சிறப்பாக, விரைவாக, மலிவாகக் கட்டு என்று உத்தரவானது. முன்பு தூண் வைக்காததற்கு ஏச்சு வாங்கியவர்கள் இப்போது தூண் வைத்ததற்கு வாங்கினார்கள். ஹென்சல்மனைக் கண்டித்து எழுதிய ஹெர்ன்ஸ்டாட் மட்டும் தப்பினாரா? 1953-ல் அவரைத் தலைமைக் குழுவிலிருந்து தூக்கினார்கள். 1954-ல் கட்சியிலிருந்தே நீக்கி ஓர் ஆவணக் காப்பகத்தில் கொண்டுபோய் உட்கார வைத்தார்கள். வெட்டுகிற கைக்கும் ஒரு நாள் வெட்டு உண்டு.

ஆனால் இவையெல்லாம் மேசைக்காரர்களின் சண்டை. அந்த அரண்மனைகளுக்குச் செங்கல் சுமந்தவனுக்கு என்ன நடந்தது என்பதை நம் தோழர்கள் சொல்லவே மாட்டார்கள், ஆகையால் நான் சொல்கிறேன். 1953 மே மாதக் கடைசியில் அரசு ஒரு உத்தரவு போட்டது. வேலை அளவைக் குறைந்தது பத்து சதவீதம் கூட்டு, கூலி அதேதான். தொழிற்சங்கத்துக்காரனுக்கு இதற்கு விளக்கம் தேவையில்லை. ஜூன் 16 அன்று ஸ்டாலின் அல்லேயில் வேலை செய்துகொண்டிருந்த கொத்தனார்களும் சித்தாள்களும் கருவிகளைக் கீழே வைத்துவிட்டு அமைச்சரகக் கட்டடத்தை நோக்கி ஊர்வலமாக நடந்தார்கள். மறுநாள் நாடு முழுவதும் பரவியது. சோவியத் டாங்கிகள் வந்தன. பலர் செத்தார்கள். உழைப்பாளிகளின் அரண்மனையைக் கட்டிய உழைப்பாளி, தன் கூலிக்கணக்கு சரியில்லை என்று சொல்ல டாங்கிக்கு முன்னால் நிற்க வேண்டியிருந்தது. இதை ஏகாதிபத்தியத்தின் சதி என்று மட்டும் சொல்லிவிட்டுப் போவது நமக்கு அழகல்ல. மேற்கத்திய வானொலி அதைப் பயன்படுத்திக் கொண்டது உண்மை. ஆனால் கூலிக்கணக்கை வானொலியா எழுதியது?

'முதலில் வீடு' என்ற வாதத்துக்கு வருகிறேன். இதை இளக்காரமாகத் தள்ளிவிட முடியாது, ஏனென்றால் அதில் பாதி உண்மை இருக்கிறது. போரில் பாதி இடிந்து கிடந்த நாடு அது. நகரங்களின் பழைய வீடுகளில் நிலக்கரி அடுப்பு, மாடிப்படிக்குப் பக்கத்தில் பல குடும்பங்களுக்குப் பொதுக் கழிப்பறை. ஹோனேக்கர் 1971-ல் பொறுப்பேற்ற பிறகு, 1990-க்குள் வீட்டுப் பிரச்சினையைத் தீர்ப்பது என்று திட்டம் போட்டார்கள். 1973-ல் நாய்பிராண்டன்பர்க் நகரில் ஒரு புது மாதிரி வீட்டைச் சோதனையாக எழுப்பினார்கள். சுவர்களைத் தொழிற்சாலையில் காங்கிரீட் பலகைகளாக வார்த்து, லாரியில் கொண்டுவந்து, கிரேனால் நிறுத்திப் பொருத்துவது. பிறகு நாடெங்கும் அதே மாதிரி. பெர்லினில் மார்ட்சான் என்ற பேட்டையை 1977-ல் தொடங்கி வயலில் ஒரு நகரத்தையே எழுப்பினார்கள். வாடகை சதுர மீட்டருக்கு ஒரு மார்க் அளவில்தான். குழாயைத் திறந்தால் வெந்நீர், குளிர்காலத்தில் அறை முழுக்கச் சூடு. பொதுக் கழிப்பறைக்கு வாளி தூக்கிக்கொண்டு வரிசையில் நின்று வளர்ந்தவர்கள் நாம். இதை அற்பமாகப் பேசுகிறவனோடு எனக்குப் பேச்சில்லை.

அந்தப் பேட்டைகளில் ஒரு விசேஷம் உண்டு, தண்டவாளத்தோடு சம்பந்தப்பட்டதால் எனக்கு மறக்கவில்லை. பலகைகளைத் தூக்கி நிறுத்தும் கிரேன் தற்காலிகத் தண்டவாளத்தின்மேல் ஓடியது. கிரேன் எவ்வளவு நேராக ஓடுகிறதோ அவ்வளவு வேலை மிச்சம். ஆகவே எந்த வீடு எந்தத் திசையைப் பார்க்க வேண்டும், தெரு எங்கே வளைய வேண்டும் என்பதைப் பல இடங்களில் அந்தத் தண்டவாளம் தீர்மானித்தது. தச்சனுக்கு உளி கருவி. அங்கே உளிக்குத் தச்சன் கருவியானான்.

வீடு முதலில் என்றார்களே, இரண்டாவது எப்போது வந்தது? ஹோயர்ஸ்வெர்டா என்ற ஊரைப் பாருங்கள். பழுப்பு நிலக்கரித் தொழிலாளிகளுக்காக 1950-களின் பிற்பாதியில் தொடங்கி, பலகை வீடுகளாலேயே எழுப்பிய புதுநகரம் அது. பிரிகிட்டே ரைமன் என்ற எழுத்தாளர் 1960-ல் அங்கே போய்க் குடியேறினார். சோஷலிசத்தை நம்பிப் போனவர், எதிர்த்துப் போனவர் அல்ல. ஊரில் ஷிஃப்டு முடிந்து வந்தவன் உட்கார ஒரு நல்ல இடம் இல்லை, இளைஞர்களுக்குப் போக்கிடம் இல்லை என்று கண்டார். காதலர்கள் முத்தமிட்டுக்கொள்ள இந்த ஊரில் இடம் உண்டா என்ற அர்த்தத்தில் பத்திரிகையிலேயே கேட்டுவிட்டார். பிறகு அந்த அனுபவத்தை வைத்து ஃபிரான்சிஸ்கா லிங்கர்ஹாண்ட் என்ற இளம் பெண் கட்டடக் கலைஞரின் கதையை நாவலாக எழுதத் தொடங்கினார். முடிக்கு முன்பே புற்றுநோயால் 1973-ல் இறந்தார். வயது 39. நாவல் மறு ஆண்டு வெளிவந்தது, சில பகுதிகள் நீக்கப்பட்டு. வெட்டில்லாத பதிப்பு 1998-ல்தான் வந்தது! ஊரின் மையத்தில் தொழிலாளிகளுக்கான கலைமண்டபம் எப்போது திறந்தது தெரியுமா? 1984-ல். புதுநகரம் தொடங்கி கால் நூற்றாண்டுக்கும் மேல் ஆன பிறகு. முதல் வீட்டில் பிறந்த குழந்தை வளர்ந்து, கல்யாணமாகி, தன் குழந்தையை அந்த மண்டபத்துக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கலாம்.

ஆக, பிரென்னர் கேட்டது என்ன? தன் வீட்டு வாசலில் தனக்கொரு சிலையா கேட்டார்? உழைத்துக் களைத்து வருகிறவர்கள் கூடிப் பேச ஓர் இடம் கேட்டார். கொத்தடிமையாக இருந்த காலத்திலும் நம் பாட்டன் பாட்டிகளுக்கு ஒரு மந்தைவெளியும் ஆலமரத்தடியும் இருந்தன. மாட்டுக்குக் கொட்டகையும் தீனியும் போதும். மனிதனுக்கு அது போதாது என்பதால்தானே நாம் சங்கம் வைத்திருக்கிறோம்? வெறும் கூலிக்காகவும் கூரைக்காகவும் மட்டும் என்றால் இந்த வாசகசாலை எதற்கு, இந்த மாத இதழ் எதற்கு? 'வீடு கொடுத்தாகிவிட்டது, இன்னும் என்ன?' என்கிற பேச்சு முதலாளி பேசினால் நமக்குக் கோபம் வருகிறது. நம்முடைய ஆள் பேசினால் மட்டும் அது புரட்சிப் பேச்சாகிவிடுமா?

அந்த மண்டபத்தை வெட்டியதால் மிச்சம் பிடித்தார்களா என்றால் அதுவும் இல்லை. புதுப் பேட்டைகளுக்கே எல்லாம் போனதால் பழைய நகரங்கள் கேட்பாரற்று இடிந்தன. லைப்சிக் நகரத்தை இனிக் காப்பாற்ற முடியுமா என்ற கேள்வியையே தலைப்பாக வைத்து ஒரு தொலைக்காட்சிச் செய்திப் படம் 1989 நவம்பர் 6 அன்று அந்நாட்டு அரசுத் தொலைக்காட்சியிலேயே வந்தது. மூன்று நாள் கழித்துச் சுவர் போயிற்று.

இப்போது எதிர்க் கட்சியார் முகத்தில் புன்னகை படர்வது எனக்குத் தெரிகிறது. கொஞ்சம் பொறுங்கள் ஐயா.

உங்கள் சுதந்திரம் பெர்லினுக்கு வந்த பிறகு என்ன நடந்தது? கலைஞன் கை அவிழ்ந்ததா? இந்தப் படத்தை எடுத்த டேஃபா ஸ்டூடியோவையே 1992-ல் ஒரு பிரெஞ்சு நிறுவனத்துக்கு விற்றார்கள். கிழக்கே தொழிற்சாலைகள் மூட, வேலையில்லாதவர்கள் ஊரைவிட்டுப் போக, பலகை வீடுகள் காலியாக நின்றன. 2002-க்குப் பிறகு அரசே பணம் கொடுத்துக் கிழக்கில் லட்சக்கணக்கான வீடுகளை இடித்தது. ஹோயர்ஸ்வெர்டாவில் 1980-களின் தொடக்கத்தில் எழுபதாயிரம் பேர் இருந்தார்கள், அதில் பாதி கூட இன்று இல்லை. 1976-ல் திறந்த மக்கள் மாளிகையை 2006 முதல் 2008 வரை இடித்துத் தரைமட்டமாக்கி, அந்த இடத்தில் பழைய மன்னர் அரண்மனையின் முகப்பைப் புதிதாகச் செய்து ஒட்டினார்கள்! மக்கள் போய் நடனமாடிய இடத்தில் மன்னன் வீட்டு வாசல். ஹெர்ன்ஸ்டாட் கேட்ட 'தேசிய மரபு' ஐம்பது வருஷம் கழித்து உங்கள் ஜனநாயகத்தில் வந்து சேர்ந்தது.

அதோடு முடியவில்லை. 2004-ல் பெர்லின் நகர அரசு தனக்குச் சொந்தமான ஒரு வீட்டு நிறுவனத்தை, சுமார் 65,000 வீடுகளோடு, 40.5 கோடி யூரோவுக்கு முதலீட்டுக் கம்பெனிகளிடம் விற்றது. கடனையும் வாங்கியவன் தலையில் கட்டினார்கள் என்றாலும், ரொக்கத்தை மட்டும் கணக்குப் பார்த்தால் வீடு ஒன்றுக்கு 6,500 யூரோ கூட வரவில்லை. அப்போது ஆட்சியில் பங்கு வகித்தது யார் தெரியுமா? ஹோனேக்கரின் கட்சிக்கு வாரிசாக வந்த கட்சி! இதையும் எழுதித்தான் ஆகவேண்டும், நமக்குக் கசந்தாலும். பிறகு வாடகை ஏறிய ஏற்றத்தில், 2021 செப்டம்பர் 26 அன்று அதே பெர்லின் மக்கள், 3,000 வீட்டுக்கு மேல் வைத்திருக்கும் கம்பெனிகளின் வீடுகளைப் பொது உடைமையாக்கு என்று பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட வாக்குகளால் பொதுவாக்கெடுப்பில் சொன்னார்கள். வல்லுநர் குழு 2023-ல் அது சட்டப்படி முடியும் என்று அறிக்கையும் கொடுத்தது. அந்தக் கோப்பும் இப்போது மேசை மேசையாக நகர்ந்து கொண்டிருக்கிறது. ஆக, கோப்பு நோய் சோஷலிச நாட்டுக்கு மட்டும் சொந்தமல்ல.

நம் மும்பைக்கு இதை எடுத்துக்கொண்டு வந்து 'தனியார் வந்தால் கலை வளரும்' என்று சொல்கிறவரைக் கோவண்டி, மான்கூர்ட் பக்கம் அழைத்துப் போக வேண்டும். குடிசைகளை எடுத்துக் கொண்டுபோய்க் குவித்த அந்த மறுகுடியமர்வுக் கட்டடங்களில், இரண்டு கட்டடத்துக்கு நடுவே வெயில் இறங்காத சந்தில், காற்றும் வெளிச்சமும் இல்லாததற்கும் காசநோய்க்கும் உள்ள தொடர்பை மருத்துவர்கள் ஆய்வு செய்து சொல்லியிருக்கிறார்கள். மார்ட்சானில் குறைந்தபட்சம் சன்னலுக்கு வெளியே வானம் இருந்தது. இங்கே படம் போட்டவன் எந்தக் கலைஞன்? பில்டருக்கு விற்பனைக்கு எத்தனை சதுர அடி என்ற கணக்குத்தான் இங்கே கலைஞன்.

இனி படத்தின்மேல் எனக்குள்ள குறை. இரண்டு கட்சியாரும் இதைத் தொடவில்லை. படத்தின் கண் முழுக்கப் படம் வரைகிறவர்மேல் இருக்கிறது. அவர் துயரம் நம் நெஞ்சைத் தொடுகிறது, சரி. ஆனால் அந்தப் பேட்டையில் குடியிருப்பவனும் அதைக் கட்டுகிறவனும் கதையை நகர்த்துகிறவர்களாக வருவதில்லை. அவர்களுக்காகப் பிரென்னர் பேசுகிறார், அவர்களுக்காக அதிகாரியும் பேசுகிறார். டேஃபாவிலேயே வேறு மாதிரிப் படமும் எடுத்தார்கள். ஃபிராங்க் பேயர் இயக்கிய 'கற்களின் தடம்', 1966. அதில் கதாநாயகன் பல்லா என்ற தச்சர் குழுத் தலைவன். வேலை நடக்க வேண்டுமென்று பக்கத்துக் குழுவின் பொருளைத் தட்டிக்கொண்டு வருவான், போலீஸ்காரனைக் குளத்தில் தள்ளுவான், கட்சிச் செயலாளரிடம் நேருக்கு நேர் கேள்வி கேட்பான். அந்தப் படத்தைச் சில நாட்களிலேயே கொட்டகைகளில் கலாட்டா செய்ய ஆள் அனுப்பி நிறுத்தினார்கள். 23 ஆண்டு பெட்டிக்குள் கிடந்து 1989 நவம்பரில் வெளியே வந்தது. ஆர்க்கிடெக்ட் வாய் திறந்தால் கோப்பில் வெட்டினார்கள், தச்சன் வாய் திறந்தால் படத்தையே பூட்டினார்கள். எதைக் கண்டு அதிகம் பயந்தார்கள் என்று இதிலிருந்தே தெரியவில்லையா?

இன்னொருவர் படத்தில் தலைகாட்டவே இல்லை. பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்தவர்கள் நடத்தும் இந்த இதழிலாவது அவர்களைப் பற்றி நாலு வரி வரவேண்டும். 1989-ல் கிழக்கு ஜெர்மனியில் ஏறக்குறைய 60,000 வியத்நாமியர்களும், 15,000-க்கு மேற்பட்ட மொசாம்பிக்காரர்களும் ஒப்பந்தக் கூலிகளாக வேலை செய்தார்கள். சகோதர நாட்டுத் தோழர்கள் என்று மேடையில் வரவேற்பு. தங்குவதற்கு ஆளுக்கு ஐந்து சதுர மீட்டர். குடும்பத்தைக் கொண்டுவர அனுமதி இல்லை. கர்ப்பமான பெண் ஒன்று கருவைக் கலைக்க வேண்டும் அல்லது ஊர் திரும்ப வேண்டும் என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. மொசாம்பிக்காரர்களின் சம்பளத்தில் ஒரு பெரும் பங்கை 'ஊருக்குப் போனதும் கிடைக்கும்' என்று பிடித்து வைத்தார்கள். அந்தப் பணத்துக்காக அவர்கள் மபூட்டோ தெருக்களில் பல பத்தாண்டுகள் ஊர்வலம் போனார்கள். சுதந்திரம் வந்த பிறகு? 1991 செப்டம்பரில் அதே ஹோயர்ஸ்வெர்டாவில், இவர்கள் தங்கியிருந்த விடுதிகளைக் கும்பல் சூழ்ந்து நாட்கணக்கில் கல்லெறிந்தது. அக்கம்பக்கத்தார் கை தட்டினார்கள். அரசு கும்பலை விரட்டவில்லை, அடிபட்டவர்களைப் பஸ்ஸில் ஏற்றி ஊரைவிட்டு அனுப்பியது. 'வந்தேறி' என்று இந்த நகரத்தில் 1960-களில் நம் கடைகளை அடித்து நொறுக்கியபோது நம் பெரியவர்கள் எப்படித் தாழ்ப்பாளைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள் என்று கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஐந்து சதுர மீட்டரை அளந்து கொடுத்தவனும் அங்கே ஒரு வரைபடம் போட்டுத்தான் கொடுத்தான். அந்த வரைபடத்தைப்பற்றி எந்தக் கலைஞனும் மனமொடிந்து விழுந்ததாகப் படம் வரவில்லை.

இவ்வளவும் எதற்கு என்றால், தாராவியில் வீடு வீடாக அளந்து எண் போட்டிருக்கிறார்கள். 2000-ம் ஆண்டு ஜனவரி 1-க்கு முன்பே தரைத்தளத்தில் இருந்ததற்குக் காகிதம் இருக்கிறவனுக்கு உள்ளேயே 350 சதுர அடி, பின்னால் வந்தவனுக்கும் மாடியில் இருப்பவனுக்கும் வேறு எங்கோ. நம் ஆட்கள் சதுர அடிக் கணக்கிலேயே முழுகிக் கிடக்கிறார்கள். கணக்கு வேண்டியதுதான், ஒரு அடி கூட விடக்கூடாது. ஆனால் விளக்கக் கூட்டத்துக்குப் போகிற உறுப்பினர்கள் வரைபடத்தை வாங்கிப் பாருங்கள். இரண்டு கட்டடத்துக்கு நடுவே எத்தனை மீட்டர் என்று கேளுங்கள். தோல் தைப்பவனும் பானை செய்பவனும் முறுக்குச் சுடுகிற அம்மாவும் எந்த மாடியில் வேலை செய்வார்கள், சக்கரமும் அடுப்பும் எங்கே வைப்பார்கள் என்று கேளுங்கள். பள்ளிக்கூடம் எத்தனை வகுப்பு, எந்த மொழியில், வாசகசாலைக்கும் சங்கத்துக்கும் எந்தத் தளத்தில் இடம், பிணம் கிடத்தவும் பந்தல் போடவும் எந்த முற்றம்? 'கொள்கையளவில் ஏற்கப்படுகிறது' என்று பதில் வந்தால் எழுந்து வராதீர்கள். எந்தப் பக்கத்தில், எந்த அளவில் என்று வரைபடத்திலேயே குறித்து, தேதி போட்டு, கையெழுத்தோடு வாங்குங்கள். ஒரு நகலைச் சங்க அலுவலகத்தில் சேர்த்துவிடுங்கள். ஞாயிறு மாலை நான் இருப்பேன்.